உங்களுக்குத் தெரியுமா? அணைக்கட்டில் ஏணி ஏறும் மீன்கள்!

புதுவெள்ளம் வந்தால் மதகடியில் கெண்டை எதிரேறித் துள்ளும், பார்த்திருப்பீர்கள். அதே மீனுக்கு முன்னால் ஆறு மாடிச் சுவர் ஒன்று நின்றால்? சுவருக்குள்ளே டர்பைன் சுழன்றால்? உலகம் முழுக்கத் துழாவிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முத்து! ஒரே மூச்சில் படியுங்கள்!

ஏறு, ஏறு, ஏறு!

அமெரிக்காவின் கொலம்பியா நதியில், கடலிலிருந்து 235 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது பானவில் நீர்மின் நிலையம். 1937-ல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நேரில் வந்து அர்ப்பணித்த அணை. அதைக் கட்டும்போதே மீன்களுக்கும் படிக்கட்டு கட்டிவிட்டார்கள்!

ஒரு படிக்கு ஓர் அடி உயரம். ஒவ்வொரு படியும் ஒரு குட்டித் தொட்டி. தாவும், மூச்சு வாங்கும், மறுபடி தாவும். இப்படியே அந்த அணையில் சால்மன் மீன் ஏறும் உயரம் 60 அடி!

அத்தனையும் வெறும் வயிற்றில்! கடலை விட்டு நதிக்குள் நுழைந்ததுமே பசிபிக் சால்மன் சாப்பாட்டை நிறுத்திவிடும். முட்டையிட்டு முடிக்கும் வரை பச்சைத் தண்ணீர் விரதம்தான்!

கடலில் வெள்ளியாய் மின்னும் சாக்கை சால்மன், பிறந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு, தலை மட்டும் பச்சை. கல்யாணக் கோலம்!

அவ்வளவு பெரிய அணையில் ஏணியின் வாசல் எங்கே என்று மீனுக்கு யார் சொல்வது? தண்ணீர்தான்! எதிர்த்து நீந்த ஓட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே மீன் போகும். ஆகவே ஏணி வாசலில் தனியாகத் தண்ணீரைப் பாய்ச்சி, ‘இந்தப் பக்கம் வா’ என்று அழைக்கிறார்கள்!

ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை சால்மனின் பயணத் தூரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1,450 கிலோமீட்டர். ஏறும் உயரம் 6,500 அடி. கிட்டத்தட்ட ஊட்டி மலை உயரத்துக்கு ஒரு மீன் நீந்தியே ஏறுகிறது! வழியில் தாண்ட வேண்டிய அணைகள் 8!

மீன் ஏணி நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைத்தீர்களா? கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ரிச்சர்ட் மெக்ஃபார்லன் 1837-லேயே அதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். எடிசனின் பல்பு எரிய அப்போது இன்னும் 42 வருடம் பாக்கி!

ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரி நீர்மின் நிலையத்தில் உள்ள மீன் ஏணியில் 34 தொட்டிகள். மொத்த நீளம் 310 மீட்டர். நடுநடுவே சில தொட்டிகளை மட்டும் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். எதற்கு? மீன் உட்கார்ந்து இளைப்பாற!

பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டிய இட்டாய்ப்பு அணையின் உயரம் 196 மீட்டர். மின் உற்பத்தித் திறன் 14,000 மெகாவாட். இதற்கு ஏணி வைத்தால் கட்டுப்படியாகுமா? ஆகாது! அணையைச் சுற்றி ஓர் ஆற்றையே வெட்டிவிட்டார்கள். நீளம் 10 கிலோமீட்டர். மீன் ஏறும் உயரம் 120 மீட்டர். 2002-ல் திறந்தார்கள்!

அந்த மீன் கால்வாயின் ஒரு பகுதியில்தான் 2007-ல் உலக சாம்பியன்ஷிப் படகுப் போட்டியே நடந்தது. மீனும் வீரரும் ஒரே வெள்ளத்தில்!

கனடாவின் ஃபிரேசர் நதியில் ஹெல்ஸ் கேட் என்ற குறுகலான பள்ளத்தாக்கு. 1913-ல் ரயில் பாதைக்கு வெடி வைத்தபோது பாறைகள் சரிந்து, சால்மனின் வழி அடைபட்டது. பூர்வகுடி மக்கள் கூடை கூடையாக மீன்களைச் சுமந்து, மேலே கொண்டுபோய் விட்டார்கள். கூடையில் ஏறி வலசை போன மீன்கள்!

அதே இடத்தில் 1940-களில் கட்டியதுதான் செங்குத்துப் பிளவு வைத்த மீன் பாதை. இதில் மீன் துள்ளவே வேண்டாம். பிளவு வழியாக நீந்தியே மேலே போகலாம். இன்று உலகின் பல இடங்களில் இந்த மாதிரி ஓடுகிறது!

ஆஸ்திரேலியாவில் ஆரம்பத்தில் சால்மன் ஏணியை அப்படியே காப்பியடித்துக் கட்டினார்கள். ஒன்றும் தேறவில்லை. காரணம்? அந்த ஊர் மீன்களுக்குத் துள்ளத் தெரியாது!

2014-ல் அமெரிக்காவின் வானபம் அணையில் விரிசல். நீளம் 65 அடி! அவசரமாக நீர்த்தேக்கத்தின் மட்டத்தை இறக்கினார்கள். மீன் ஏணியின் மேல்முனை அந்தரத்தில் நின்றது. சால்மன் வரும் சீசனோ நெருங்கிவிட்டது. என்ன செய்தார்கள்? ஏணி உச்சியிலிருந்து தண்ணீருக்குச் சறுக்குமரம் வைத்துவிட்டார்கள்! ஏறி வந்த மீன், சறுக்கிப் போய் ஏரியில் விழுந்தது!

கோடையில் ஏணித் தண்ணீரே சுட்டுவிடும். மீன் பாதி வழியில் நின்றுவிடும். அமெரிக்காவின் ஸ்னேக் நதியில் உள்ள லோயர் கிரானைட், லிட்டில் கூஸ் அணைகளில் இதற்கும் வைத்தியம் உண்டு. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை பம்ப் போட்டு இறைத்து ஏணியில் விடுகிறார்கள். மீனுக்கு ஏ.சி.!

ஜன்னலோர வேலை!

மீன் எண்ணுவதே முழுநேர உத்தியோகம், தெரியுமா? பானவில் அணையில் 1938 முதல் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். 80 வருடங்களைத் தாண்டிய வருகைப் பதிவேடு!

அந்த அறையைக் கற்பனை செய்யுங்கள். எதிரே கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர். ஒரு நிழல் வருகிறது, வால் ஒரு வெட்டு, காணோம்! அந்த ஒரு நொடிக்குள் அது சினூக்கா, சாக்கையா, ஸ்டீல்ஹெட்டா, பெரியதா, குட்டியா என்று பார்த்துப் பொத்தானை அழுத்தியாக வேண்டும்!

சீசனில் தினமும் 16 மணி நேரம் இந்தக் கணக்கெடுப்பு நடக்கும். மணிக்கு 50 நிமிடம் எண்ணுவார்கள், 10 நிமிடம் ஓய்வு. அந்த 10 நிமிடத்தில் போன மீன்களுக்கும் கணக்குப் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். ஒரு மீனும் தப்பாது!

2013 செப்டம்பரில் பானவில் ஜன்னலை ஒரே நாளில் கடந்த சினூக் சால்மன்கள் 60 ஆயிரத்துக்கும் மேல்! அன்று உட்கார்ந்திருந்தவர்களின் விரல்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

மீனுக்கு ஆதார் எண் உண்டா? உண்டு! 12 மில்லிமீட்டர் நீளச் சில்லு ஒன்றைக் குஞ்சின் வயிற்றுக்குள் ஊசியால் ஏற்றுகிறார்கள். அரிசி மணி அளவுதான். பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது. வருடங்கள் கழித்து அதே மீன் ஏணி ஏறும்போது ஆன்டெனா அதன் எண்ணைப் படித்துச் சொல்லிவிடும்!

1992-ல் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பி வந்த சாக்கை சால்மன் எத்தனை தெரியுமா? ஒன்று. ஒன்றே ஒன்று! 8 அணை தாண்டி வந்து சேர்ந்த அந்த ஆண் மீனுக்கு ‘லோன்சம் லாரி’ என்று பெயர் வைத்தார்கள். தன்னந்தனி லாரி!

லாரியின் விந்தணுவை உறையவைத்துப் பாதுகாத்தார்கள். அதே இனத்தைப் பண்ணையில் வளர்த்துப் பெருக்கினார்கள். 22 வருடம் கழித்து, 2014-ல் திரும்பி வந்தவை 1,579!

லிஃப்ட், குழாய், ஹெலிகாப்டர்!

ஏணி ஏற முடியாத மீனுக்கு லிஃப்ட்! அமெரிக்காவின் கனெக்டிகட் நதியில் ஹோலியோக் அணையில் 1955-லிருந்தே மீன் லிஃப்ட் ஓடுகிறது. தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் மீன் வந்ததும் கதவு மூடும், தொட்டி மேலே போகும். 1992-ல் ஒரே சீசனில் மேலே போன ‘ஷாட்’ என்ற மீன்கள் 7 லட்சத்துக்கும் அதிகம்!

கேவியர் தரும் ஸ்டர்ஜன் மீனும் லிஃப்டில் போயிருக்கிறது. ரஷ்யாவின் வோல்கா நதியில் வோல்கோகிராட் நீர்மின் நிலையத்தில் அதற்கென்றே லிஃப்ட் கட்டினார்கள்!

ஆப்பிள் பழம் அடிபடாமல் போக ஒரு காற்றுக் குழாய் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சால்மனை விட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. விட்டார்கள். ‘வூஷ்’ என்று மேலே போய் விழுந்தது! இன்று அதற்குப் பெயரே ‘சால்மன் பீரங்கி’!

2018-ல் ஃபிரேசர் நதியில் பிக் பார் என்ற இடத்தில் மலை சரிந்து வழி அடைத்தது. மறு வருடம் சால்மன்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தனை? சுமார் 60 ஆயிரம் மீன்கள்!

அதற்கடுத்த வருடம் ஹெலிகாப்டருக்குப் பதில் அந்தக் காற்றுக் குழாயே பிக் பாருக்கு வந்துவிட்டது. ஆப்பிளுக்குப் பிறந்தது, மீனுக்கு வாழ்க்கைப்பட்டது!

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மீனுக்கு காலிங் பெல் இருக்கிறது! வசந்த காலத்தில் படகுகள் வராததால் கால்வாயின் மதகுக் கதவு மூடியே கிடக்கும். தண்ணீருக்கு அடியில் கேமரா. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் நீங்கள் பார்க்கலாம். மீன் தெரிந்தால் பெல்லை அழுத்துங்கள். அங்கே மதகுக்காரர் கதவைத் திறந்துவிடுவார்! 2021-ல் ஆரம்பித்தது. இன்று லட்சக்கணக்கானவர்கள் மீனுக்காகக் கண் விழித்துக் காத்திருக்கிறார்கள்!

இறங்குவதுதான் பெரும்பாடு!

ஏறும் மீனுக்கு ஏணி போதும். இறங்கும் குஞ்சுக்கு? அதன் நீளம் ஒரு விரல் அளவு. எதிரே சுழல்கிறது ராட்சத டர்பைன்!

சால்மன் குஞ்சுகள் கடலுக்கு எப்படிப் போகும் தெரியுமா? வால் முன்னால், தலை பின்னால்! ஓட்டத்தை எதிர்த்துப் பார்த்தபடியே பின்னோக்கி மிதந்து போகும்!

குஞ்சுகள் மேல் மட்டத்தில், 10 முதல் 20 அடி ஆழத்துக்குள் நீந்தும். பழைய மதகு திறப்பதோ 50 அடி ஆழத்தில்! லோயர் கிரானைட் அணையில் 2001-ல் மேல் மட்டத்திலேயே ஒரு சறுக்குப் பாதை வைத்தார்கள். குஞ்சுகள் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடுகின்றன!

டர்பைனில் பிளேடு மட்டும் எமன் இல்லை. அழுத்தமும் எமன்தான்! கண் இமைப்பதற்குள் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று இறங்கும். மீனின் காற்றுப்பை பலூன் போல் உப்பிவிடும்!

மீனுக்கு அங்கே என்ன நேர்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பொய் மீனை அனுப்பி! 9 சென்டிமீட்டர் நீளம், 42 கிராம் எடை. டர்பைனுக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் அழுத்தம், அதிர்வு, சுழற்சி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். நொடிக்கு எத்தனை முறை? 2,048!

ஸ்னேக் நதியின் ஐஸ் ஹார்பர் அணையில் மீனுக்கு அடிபடாத வடிவத்தில் புது டர்பைன் மாட்டினார்கள். அதற்குள் விட்ட குஞ்சுகளில் உயிரோடு வெளியே வந்தவை 98 சதவீதம்!

டர்பைன் வேண்டாம், மதகைத் திறந்து தண்ணீரோடு குஞ்சுகளையும் வெளியே விடலாமே? அதிலும் ஆபத்து! உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீர் காற்றை அடி ஆழத்துக்கு இழுத்துப் போகும். மீனின் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். கீழே சரிவில் ஓர் உதடு போலக் கான்கிரீட் வைத்தார்கள். தண்ணீர் ஆழத்தில் பாயாமல் மேலாக ஓடியது. பிரச்சினை பாதி தீர்ந்தது!

படகில் ஏறிக் கடலுக்குப் போகும் மீன் உண்டா? ஸ்னேக் நதியில் உண்டு! குஞ்சுகளைப் பிடித்துப் பெரிய பெரிய தொட்டிப் படகுகளில் ஏற்றி, எட்டு அணையையும் கடந்து கீழே கொண்டுபோய் விடுகிறார்கள்!

அந்தப் படகில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழி நெடுக ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். எதற்கு? வந்த வழியின் வாசனை குஞ்சுக்குப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு வீடு திரும்பத் தெரியாது!

ஆரிகன் மாநிலத்தின் டெஷூட்ஸ் நதியில் சுமார் 4.5 கிலோமீட்டர் நீளத்துக்கு மீன் ஏணி கட்டினார்கள். பெரிய மீன்கள் ஏறின. குஞ்சுகளோ இறங்கவில்லை! அணைக்கு மேலே மூன்று நதிகள் கலக்கும் ஏரிக்குள் ஓட்டம் குழம்பிப்போய் வழி தெரியவில்லை. 1968-ல் ஏணிக்கே விடை கொடுத்துவிட்டார்கள்!

விட்டார்களா பிறகு? சுமார் 40 வருடம் கழித்து அதே ஏரிக்குள் 273 அடிக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். மேல்தண்ணீரை அது இழுக்க, ஓட்டம் நேராகிக் குஞ்சுகள் தாமாக அதை நோக்கி வருகின்றன. செலவு 10 கோடி டாலருக்கும் மேல்! குஞ்சுகளுக்கு வழி காட்ட!

ஆர்க்கிமிடீஸ் திருகாணி தெரியுமா? தண்ணீர் இறைக்க 2,200 வருடங்களுக்கு முன் பேர் பெற்றது. அதையே தலைகீழாகச் சுழலவிட்டால் மின்சாரம்! மெதுவாகச் சுற்றுவதால் மீன் உள்ளே புகுந்து பத்திரமாக வெளியே வரும். லண்டன் பக்கம் விண்ட்சர் அரண்மனைக்கு மின்சாரம் தருவது இப்படிப்பட்ட 2 திருகாணிகள். ஒன்றின் எடை சுமார் 40 டன்!

வழிப்பறிக்காரர்கள்!

ஏணி வாசலில் கூட்டமாக நிற்கும் மீன், தட்டில் வைத்த சோறு மாதிரி! கடலிலிருந்து 235 கிலோமீட்டர் நீந்தி வந்து பானவில் வாசலில் காத்திருக்கும் கடற்சிங்கங்கள்!

ஒரு கடற்சிங்கம் ஏணிக்குள்ளேயே புகுந்து, மீன் எண்ணும் ஜன்னலில் முகம் காட்டியது! இப்போது வாசலுக்குக் கம்பிக் கதவு. சால்மன் நுழையலாம், சிங்கம் நுழைய முடியாது!

கொலம்பியாவின் முகத்துவாரத்தில் அஸ்டோரியா துறைமுகம். படகுத்துறை முழுக்கக் கடற்சிங்கக் கூட்டம். விரட்ட 2015-ல் பொம்மை ஓர்க்கா திமிங்கிலத்தை இறக்கினார்கள். வந்தது, மிதந்தது, கவிழ்ந்தது! கடற்சிங்கங்கள் அசையவே இல்லை!

சால்மன் குஞ்சைத் தின்னும் பைக்மின்னோ மீனைப் பிடித்துக் கொடுத்தால் காசு! மீன் ஒன்றுக்கு 6 டாலரிலிருந்து ஆரம்பம். ஒரே சீசனில் 1 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த தூண்டில்காரரும் உண்டு!

பானவில் அணை அருகே உள்ள மீன் பண்ணையில் ‘ஹெர்மன்’ என்றொரு ஸ்டர்ஜன். நீளம் 10 அடிக்கும் மேல். வயது 80-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆற்றின் மூத்த குடிமகன்! சால்மன் சுலபமாக ஏறும் ஏணியில் ஸ்டர்ஜன் இனம் ஏறுவது அபூர்வம். பெரியவருக்குப் படியேற முடியாது!

வழுக்கிக்கொண்டே ஏறும் வீரர்கள்!

சால்மனுக்கு நேர் எதிர் விலாங்கு! சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும். விலாங்கோ கடலில் பிறந்து ஆற்றில் வளரும். ஐரோப்பிய விலாங்கு முட்டையிடப் போகும் தூரம் 5,000 கிலோமீட்டருக்கும் மேல்!

விலாங்குக் குஞ்சு ஈரச் சுவரில் ஏறும்! அணையின் பக்கவாட்டில் தூரிகை முள் பதித்த சாய்பலகை வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டால் போதும். நெளிந்து நெளிந்து உச்சிக்கு வந்துவிடும்!

நியூசிலாந்தின் கரபிரோ அணையில் குஞ்சு விலாங்குகளைப் பிடித்து லாரியில் ஏற்றி, மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரே கோடையில் 10 லட்சத்துக்கும் மேல் ஏறிய வருடங்கள் உண்டு! லாரிப் பயணிகளில் சாதனை!

அதே நாட்டில் நீள்துடுப்பு விலாங்கு 80 வயதையும் தாண்டி வாழும். முட்டையிடுவதோ ஆயுளில் ஒரே ஒரு முறை! அந்த ஒரு பயணத்தில் டர்பைன் குறுக்கிட்டால் 80 வருடக் காத்திருப்பு வீண்!

பெரிய விலாங்குகள் கடலுக்குக் கிளம்புவது எப்போது? நிலா இல்லாத, மழை கொட்டும் இரவில்! அதனால் வலசைக் காலத்தில் ராத்திரியானால் டர்பைனை நிறுத்திவிடும் நீர்மின் நிலையங்களும் உண்டு. விலாங்கு போகட்டும் என்று மின்சாரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்!

லாம்ப்ரே என்ற மீனுக்குத் தாடையே கிடையாது, எலும்பும் கிடையாது. டைனோசருக்கும் முந்திய பரம்பரை! ஆனால் சால்மனுக்குக் கட்டிய ஏணியின் கூரான மூலையில் இது தோற்றுப்போனது!

ஏன்? லாம்ப்ரே வாயால் சுவரைக் கவ்வி ஏறும். ஓர் உறிஞ்சல், ஒரு துள்ளல், மறுபடி ஓர் உறிஞ்சல். மூலை வந்தால் பிடி விட்டுப் போகும். ஆகவே மூலைகளை உருட்டினார்கள். லாம்ப்ரேக்கு என்றே தனியாக வழவழப்பான அலுமினியச் சாய்தளம் வைத்தார்கள். இன்று கவ்விக் கவ்வி ஜம்மென்று ஏறுகிறது!

வாசலே வைக்காத அணைகள்!

கொலம்பியா நதியின் கிராண்ட் கூலி அணை உயரம் 550 அடி. மீன் ஏணி? கிடையாது! அதற்கு மேலே இருந்த சுமார் 1,800 கிலோமீட்டர் ஆற்று வழி சால்மனுக்கு அடைபட்டது!

அங்கே ‘ஜூன் ஹாக்’ என்ற ராட்சத சால்மன்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றின் எடை 80 பவுண்டையும் தாண்டும். அணை எழுந்தது. அந்த ராட்சதர்கள் திரும்ப வரவே இல்லை!

1940 ஜூனில் அதே நதியின் கெட்டில் அருவியில் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அணைத் தண்ணீரில் மூழ்கப்போகும் மீன்துறைக்காக மூன்று நாள் துக்கம் அனுசரித்தார்கள். அதன் பெயரே ‘கண்ணீர்ச் சடங்கு’!

1957 மார்ச் 10. கொலம்பியா நதியின் டால்ஸ் அணையில் கதவுகள் மூடின. பல்லாயிரம் ஆண்டுகளாக மீன் பிடித்த செலிலோ அருவி சில மணி நேரத்தில் தண்ணீருக்கு அடியில்! கர்ஜித்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை!

சீனாவின் யாங்சி நதியில் 1981-ல் கெஜோபா அணை குறுக்கே நின்றது. 3,000 கிலோமீட்டர் எதிரேறி வந்த சீன ஸ்டர்ஜனுக்குப் பாதை பாதியில் முடிந்தது. மறு வருடமே அணைக்குக் கீழே புதிதாக ஓர் இடம் பார்த்து முட்டையிட்டது அந்த மீன்!

வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா, கங்கையில் அலகாபாத்தையும் தாண்டி எதிரேறிக்கொண்டிருந்த மீன். 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தது. இன்று அலகாபாத் சந்தையில் ஆற்று ஹில்சா கிடைத்தால் அதிசயம்!

அந்த ஹில்சா வேறு யாருமில்லை, நம்ம உல்லம்தான்! வங்கக் கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் எதிரேறி வந்த மீன். நூறு வருடங்களுக்கு முன்பே கொள்ளிடம் கீழணையில் உல்லத்துக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்து பார்த்தது சென்னை மாகாணம்!

மேட்டூர் அணை 1934-ல் எழுந்தது. உயரம் 214 அடி. தண்ணீர் தந்தது, மின்சாரம் தந்தது. மீன் ஏணி மட்டும் இல்லை. காவிரியில் உல்லம் எதிரேறிய கதை இன்று தாத்தாக்களோடு போயிற்று!

மீகாங் நதியில் வருடத்துக்குப் பிடிபடும் மீன் 20 லட்சம் டன்னுக்கும் மேல். லாவோஸ் நாட்டில் 2019 முதல் ஓடும் சாயபுரி நீர்மின் நிலையம் அதன் குறுக்கே நிற்கிறது. இங்கே ஏணியும் உண்டு, மீனை அடைத்துத் தண்ணீர் ஏற்றி உயர்த்தும் ‘லாக்’ தொட்டியும் உண்டு. அந்த நதியில் 2005-ல் பிடிபட்ட ஒற்றைக் கெளுத்தியின் எடையோ 293 கிலோ! வாசலின் அகலத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

ஐரோப்பாவின் ரைன் நதியில் 1950-களில் சால்மன் இல்லாமலே போனது. மேல் ரைனில் மட்டும் 10 நீர்மின் நிலையங்கள். 2000-ல் இஃபெட்ஸைமிலும், 2006-ல் கம்ப்ஸைமிலும் மீன் பாதை திறந்தார்கள். தொலைந்த சால்மன் மறுபடி தலை காட்டியது!

சுவரே போயிற்று!

அமெரிக்காவின் கென்னபெக் நதியில் 1837-ல் கட்டிய எட்வர்ட்ஸ் அணை தந்தது வெறும் 3.5 மெகாவாட். 1999 ஜூலை 1-ல் உடைத்தார்கள். 162 வருடம் கழித்து அந்த இடத்தில் ஆறு மறுபடி ஆறாக ஓடியது!

அதே நாட்டின் எல்வா நதியில் இரண்டு அணைகள். ஒன்று 1913-ல் வந்தது, மற்றொன்று 1927-ல். மீன் பாதை கட்டாயம் என்று 1890-லேயே சட்டம் இருந்தும் ஏணி வைக்கவில்லை! 2011-ல் இடிக்கத் தொடங்கி 2014-ல் முடித்தார்கள். பெரிய அணையின் உயரம் 210 அடி. இடிபாடு அகன்றதும் சால்மன் மேலே ஏறிவிட்டது!

கலிஃபோர்னியாவிலும் ஆரிகனிலும் ஓடும் கிளமத் நதியில் நான்கு நீர்மின் அணைகளை 2023, 2024-ல் அகற்றினார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அணை அகற்றம் இதுதான்!

வேலை முடிந்து சில வாரம்தான். 2024 அக்டோபர் 16. கடலிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர் உள்ளே, ஆரிகன் எல்லைக்குள் ஒரு கிளை ஓடையில் சினூக் சால்மன்! அந்தப் பக்கம் கடைசியாகக் கடல் சால்மன் வந்தது 1912-ல். அந்த மீனின் பாட்டனும் பார்த்ததில்லை, பூட்டனும் பார்த்ததில்லை!

ஏணி இல்லை. லிஃப்ட் இல்லை. பீரங்கி இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. பெல்லை அழுத்த ஆளும் இல்லை. வழி திறந்தது, மீன் வந்துவிட்டது. காத்திருந்தது எத்தனை வருடம் தெரியுமா? 112!